சித்திரம் வரைந்து வாழலாமா?

முதலாம் தரத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிவதற்கு முன்பே, தமிழ்ப் பாடநூலின் படங்களை நாம் வாசித்துவிட்டோம். குடையோடு நிற்கும் பிள்ளை பாடசாலைக்குப் போகிறாள் என்பதையும், வீட்டு வாசலில் நிற்பவர் அவளுடைய உம்மா என்பதையும் யாரும் சொல்லித்தராமலே விளங்கிக்கொண்டோம். அந்தப் படங்களை ஒருவர் மேசையில் அமர்ந்து யோசித்து, அழித்து, மீண்டும் வரைந்து, அதற்குக் கூலியும் பெற்றிருக்கிறார் என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை.

சாதாரண தரத்தில் சித்திரப் பாடத்தில் ஏ சித்தி பெற்ற எத்தனையோ மாணவிகள் உயர்தரத்திற்கு வந்ததும் தூரிகையை எடுத்து வைத்துவிடுகிறார்கள். "சித்திரம் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லாததே அதற்குக் காரணம். பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆகவே இருபது ஆண்டுகளாக நூல்களுக்குப் படம் வரைந்து வரும், எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான ராத்தா ஒருவரிடம் கடந்த விடுமுறையில் கேட்டறிந்தவற்றையும், நான் வாசித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

விளக்கச் சித்திரம் என்றால் என்ன?

சுவரில் மாட்டும் ஓவியம் தனியே நின்று பேசும். விளக்கச் சித்திரம் ஓர் எழுத்துக்கோ கருத்துக்கோ துணையாக நிற்கும். இதனை ஆங்கிலத்தில் இலஸ்ட்ரேஷன் என்பர். சிறுவர் நூல்கள், பாடநூல்கள், பத்திரிகைகள், நூல் அட்டைகள், சுகாதாரச் சுவரொட்டிகள், தேயிலைப் பெட்டிகள், கைத்தொலைபேசிச் செயலிகள் ஆகிய எல்லாவற்றிலும் இத்துறையினரின் வேலை இருக்கின்றது.

ஓர் உதாரணம் பார்ப்போம். டெங்கு ஒழிப்புச் சுவரொட்டி ஒன்றுக்குப் பூச்சாடி வரையச் சொல்கிறார்கள். நாம் பூவை மிக அழகாக வரைந்து, சாடிக்குக் கீழே உள்ள தட்டை இலைகளால் மறைத்துவிட்டால் என்னவாகும்? படம் அழகாக இருக்கும். ஆனால் நுளம்பு முட்டையிடுவது அந்தத் தட்டில் தேங்கிய நீரில். அது தெரியாவிட்டால் சுவரொட்டியால் பயன் இல்லை.

எனவே இத்துறையில் முதலில் தேவைப்படுவது வாசிப்பு ஆகும். ராத்தா ஒரு கதையைக் கையில் எடுத்தால் மூன்று முறை வாசிப்பாராம். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை இடம், காலம், உடை, வயது ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதற்காக. மூன்றாம் முறை எந்த வரிக்குப் படம் தேவை, எந்த வரிக்குத் தேவையில்லை என்று தீர்மானிப்பதற்காக. கதையில் பிள்ளை செருப்பில்லாமல் ஓடியது என்று இருந்து, படத்தில் செருப்பு இருந்தால், பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளை கட்டாயம் கவனிக்கும்.

மார்க்க வரையறையும் நம் முன்னோரும்

நம் வீடுகளில் சித்திரம் பற்றிப் பேசும்போது எழும் இன்னொரு கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. உயிருள்ளவற்றின் உருவங்களை அமைப்பது குறித்துக் கடுமையான எச்சரிக்கைகள் ஹதீஸ்களில் வந்துள்ளன. உருவம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்தபோது, மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அறிஞர்களில் ஒரு சாரார் உயிருள்ளவற்றின் எல்லா உருவங்களையும் தவிர்க்க வேண்டும் என்பர். வேறு சிலர் அந்த எச்சரிக்கை சிலைகளையும் வணங்கப்படும் உருவங்களையும் முதன்மையாகக் குறிக்கும் என்றும், பிள்ளைகளின் கல்விக்கானவற்றில் சலுகை உண்டு என்றும் கருதுவர். ஆயிஷா (ரழி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடிய செய்தியை இதற்கு ஆதாரமாகக் காட்டுவர்.

இதில் தீர்ப்புக் கூறும் அறிவு எனக்கில்லை. ஒவ்வொருவரும் தமது குடும்பத்தாருடனும் நம்பிக்கைக்குரிய ஆலிம்களுடனும் பேசித் தெளிவு பெறுவதே முறை. ஆனால் ஒன்றை உறுதியாகக் கூறலாம். உயிருள்ள உருவங்களை வரைய விரும்பாத மாணவிக்கும் இத்துறையில் பெரிய இடம் இருக்கின்றது. தாவரங்கள், தேசப்படங்கள், இயந்திரங்கள், கட்டடங்கள், விஞ்ஞானப் பாடநூல் வரைபடங்கள், அலங்காரக் கோலங்கள், அரபு எழுத்தணி என அது விரிந்து செல்லும். ராத்தாவும் தமது முதல் ஐந்து ஆண்டுகளில் இலை, வேர், மண்படை, நீர்ச்சுற்று ஆகியவற்றையே வரைந்தாராம்.

நம் முன்னோரின் விஞ்ஞான நூல்களும் இதற்குச் சான்றாகும். அல்-ஜஸரீ 1206 ஆம் ஆண்டில் நிறைவுசெய்த இயந்திரங்கள் பற்றிய நூலில் நீர்க்கடிகாரங்களும் நீரிறைக்கும் பொறிகளும் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. அந்தலூசியாவைச் சேர்ந்த அஸ்-ஸஹ்ராவீ தமது மருத்துவ நூலில் ஏறத்தாழ 200 சத்திரசிகிச்சைக் கருவிகளை வரைந்து காட்டினார். அல்-இத்ரீஸீ 1154 இல் சிசிலித் தீவில் உலகப்படத்தை நிறைவுசெய்தார். படம் இல்லாவிட்டால் இந்நூல்களின் பாதிப் பொருள் விளங்காமலே போயிருக்கும்.

நம் நாட்டிலும் இவ்வாறான வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் டி அல்விஸ் குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் தாவரங்களை வரைந்தனர். 1880களில் வெளியான இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றிய பெருநூலுக்கும் அக்குடும்பத்தவர்களே படங்கள் வரைந்தனர்.

இரு பெண்கள் காட்டிய வழி

காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்தவர் சிபில் வெத்தசிங்க. பதினைந்து வயதிலேயே பாடசாலை வாசிப்பு நூலொன்றுக்குப் படம் வரைந்தார். பின்னர் இளம் வயதிலேயே லங்காதீப பத்திரிகையில் சேர்ந்தார். முறையான சித்திரக் கல்லூரிப் படிப்பு அவருக்கு இருக்கவில்லை. தாம் சிறுவயதில் கண்ட கிராமத்தையும் அதன் மனிதர்களையும் நினைவிலிருந்து வரைந்தார். 1956 இல் வெளிவந்த அவருடைய குடைத் திருடன் கதை பல மொழிகளுக்குச் சென்றது. 1986 இல் ஜப்பானில் சிறந்த வெளிநாட்டுச் சித்திரநூலாகத் தெரிவுசெய்யப்பட்டது. 2020 இல் மறையும் வரை அவர் வரைவதை நிறுத்தவில்லை. நாம் நன்கு அறிந்த இடத்தை உண்மையாக வரைந்தால் அந்நிய நாட்டுப் பிள்ளையும் அதை விரும்பும் என்பது அவர் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடம்.

இங்கிலாந்தின் பீட்ரிக்ஸ் பொட்டர் இளமையில் காளான்களை நூற்றுக்கணக்கில் நுணுக்கமாக வரைந்து பழகியவர். அவருடைய பீட்டர் முயல் கதையைப் பல பதிப்பாளர்கள் ஏற்க மறுத்தனர். 1901 டிசம்பரில் தமது செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த ஆண்டே ஒரு பதிப்பகம் அதனை வர்ணத்தில் வெளியிட்டது. 1903 இல் அந்த முயலின் பொம்மை வடிவத்தையும் அவரே பதிவுசெய்தார். ஆயினும் அமெரிக்காவில் அந்நூலுக்கான பதிப்புரிமையைப் பதிப்பகம் பதிவுசெய்யத் தவறியதால், அங்கே அனுமதியற்ற பிரதிகள் வெளியாகின. அவற்றால் அவருக்கு வருமானம் கிடைக்கவில்லை. திறமை, பொறுமை ஆகியவற்றோடு உரிமை பற்றிய அறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

ஒரு படம் உருவாகும் படிகள்

வேலை எவ்வாறு நடக்கின்றது என்பதை ராத்தா பின்வருமாறு விளக்கினார்.

முதலாவது, வேலைக்குறிப்பு. எத்தனை படங்கள், என்ன அளவு, யாருக்காக, எப்போது கொடுக்க வேண்டும் என்பன எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் நாமே எழுதி அனுப்பி, சரிதானா என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, சிறு வரைவுகள். தீப்பெட்டி அளவில் ஒரே காட்சியை ஐந்தாறு விதமாகக் கிறுக்கிப் பார்த்தல். இங்கே செலவாவது பத்து நிமிடம். இதைச் செய்யாமல் நேரே பெரிய தாளுக்குப் போனால் இரண்டு நாள் வீணாகலாம்.

மூன்றாவது, பென்சில் வரைவு. இதனை அனுப்பி ஒப்புதல் பெற்ற பின்னரே வர்ணம் தீட்ட வேண்டும்.

நான்காவது, இறுதிப் படம். அச்சுக்குப் போகும் படம் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்டதாக இருத்தல் வேண்டும். ஏ4 தாள் அளவெனில் அது 2480 க்கு 3508 பிக்ஸல். தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாதிருக்க ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக வரைவது வழக்கம். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறம் காட்டும். அச்சு இயந்திரம் சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளால் நிறம் காட்டும். ஆகவே திரையில் பளிச்சென்று தெரிந்த பச்சை, தாளில் மங்கிப் போகலாம். இன்னொன்று: வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதன் தரம் குறைந்துவிடும், ஆவணமாக அனுப்புதல் நல்லது.

பலர் விலை கூடிய கருவிகள் இல்லையே என்று கவலைப்படுகின்றனர். கையால் வரைந்து ஸ்கேன் செய்தும் வேலை கொடுக்கலாம். கணினியில் வரைய க்ரிட்டா, இங்க்ஸ்கேப், கிம்ப் போன்ற மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

தொகுப்பு

வேலை தருபவர் சான்றிதழைக் கேட்பதற்கு முன் நமது படங்களைக் கேட்பார். அவற்றைச் சேர்த்து வைப்பதே தொகுப்பு. அதில் பன்னிரண்டு முதல் பதினைந்து படங்கள் போதும். பலவீனமான ஒரு படம் இருந்தால், பார்ப்பவர் அதைத்தான் நினைவில் வைத்திருப்பார் என்பது ராத்தாவின் அனுபவம். எந்த வேலை வேண்டுமோ அந்த வகைப் படங்களே இருக்க வேண்டும். சிறுவர் நூலுக்கு வரைய விரும்புபவர் ஒரே பிள்ளையை ஓடும்போதும், அழும்போதும், பின்புறமாகவும் வரைந்து, அது அதே பிள்ளைதான் என்று தெரியச் செய்ய வேண்டும். விஞ்ஞான நூலுக்கு வரைய விரும்புபவர் ஒரு விதை முளைத்துச் செடியாவதைப் படிப்படியாகக் காட்டலாம்.

இணையத்தில் கண்ட படத்தைப் பார்த்து வரைவது பயிற்சிக்கு உதவும்; அதைத் தொகுப்பில் வைத்தல் ஆகாது. அது பிறருடைய உழைப்பு.

தினமும் பதினைந்து நிமிடம் கண்முன் இருப்பதை வரையுங்கள். குசினியில் இருக்கும் இடியப்ப உரல், சுளகு, திருவலை ஆகியவற்றை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். பிறகு நேரில் பார்த்து வரையுங்கள். தினமும் கையாளும் பொருளை எவ்வளவு கவனிக்காமல் இருந்தோம் என்பது அப்போது தெரியும். எனக்குத் திருவலையின் பற்கள் எப்பக்கம் வளைந்திருக்கும் என்பதே தெரியவில்லை.

பணமும் உரிமையும்

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு அச்சுக்கூடம் ஒன்றுக்குக் கலியாணக் கார்ட் ஒன்றின் ஓரத்துக்குப் பூக்கொடி வரைந்து கொடுத்தேன். ஆயிரம் ரூபா தந்தார்கள். என் முதல் உழைப்பு என்று அந்தக் காசை உம்மாவிடம் கொடுத்தேன். பிறகு அதே பூக்கொடி எங்கள் வீட்டுக்கு வந்த வேறு மூன்று கலியாணக் கார்ட்களிலும், ஒரு கலண்டரிலும் இருந்தது. வாப்பா போய்க் கேட்டபோது, "காசு கொடுத்து வாங்கிவிட்டோமே" என்றார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் வாப்பா பேசாமல் திரும்பி வந்தார்.

இதை ராத்தாவிடம் சொன்னபோது அவர், "அவங்க என்னத்த வாங்கினாங்க எண்டு கேக்க முந்தி, நீங்க என்னத்த வித்தீங்க எண்டு உங்களுக்குத் தெரியுமா தங்கச்சி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படத்தை வரைந்தவுடனேயே அதன் பதிப்புரிமை தோன்றிவிடும். பதிவு தேவையில்லை. பொதுவாக அது வரைந்தவரின் வாழ்நாள் முழுவதும், இறப்பின் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். தமது பெயர் படைப்பில் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமையும் அவருக்கு உண்டு. உரிமையைப் பிறருக்குக் கைமாற்றுவதானால் அது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். ஆனால் ஒரு நிறுவனத்தில் ஊழியராக இருந்து அந்த வேலையின் பகுதியாக வரைந்தவை, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாவிட்டால், நிறுவனத்தையே சேரும்.

ஆகவே படத்தை விற்பது வேறு, அதைப் பயன்படுத்த அனுமதி கொடுப்பது வேறு. "இந்தக் கார்ட்டுக்கு மட்டும், 500 பிரதிகள், மறுபடி பயன்படுத்தினால் மறுபடி கட்டணம்" என்று மூன்று வரி எழுதி இருவரும் ஒப்பமிட்டிருந்தால் எனக்கு அந்த நிலை வந்திருக்காது. இதனுடன் பாதிப் பணம் முன்கூட்டியே என்பதையும், எத்தனை திருத்தங்கள் இலவசம் என்பதையும் சேர்த்து எழுதுமாறு ராத்தா சொன்னார். அவர் இரண்டு திருத்தங்களுக்குப் பிறகு கட்டணம் கேட்பார்.

விலையைத் தீர்மானிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒருவருக்கு மாதம் 60,000 ரூபா தேவை என வைத்துக்கொள்வோம். வேலை தேடுதல், கடிதம் எழுதுதல், பயிற்சி ஆகியவை போக மாதத்தில் 100 மணித்தியாலம் கூலிக்கு வரையலாம் என்றால், ஒரு மணித்தியாலத்தின் பெறுமதி 600 ரூபா. ஒரு படத்துக்கு 8 மணித்தியாலம் எடுத்தால் 4,800 ரூபா. தாள், மை, மின்சாரம் 500 ரூபா சேர்த்தால் 5,300 ரூபா. பத்துப் படங்கள் கொண்ட நூலுக்கு 53,000 ரூபா. அதை ஒருவர் 20,000 ரூபாவுக்குக் கேட்டால், பொருட்செலவு 5,000 ரூபா போக, 80 மணித்தியாலத்துக்கு 15,000 ரூபாதான் மிஞ்சும். அதாவது மணித்தியாலத்துக்கு 187 ரூபா 50 சதம். இவை சந்தை விலைகள் அல்ல. கணக்கிடும் முறைக்கு உதாரணம் மட்டுமே. இப்படிக் கணக்கிட்ட பின் அந்த வேலையை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம்.

கற்கும் வழிகள்

உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்தவர்களுக்குக் கொழும்பிலுள்ள கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்திரமும் வடிவமைப்பும் கற்கை, மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் ஆகியவை இருக்கின்றன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டப்படிப்பு உள்ளது. அதற்கு உளச்சார்புப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். தகைமைகளும் விண்ணப்பத் திகதிகளும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் இருக்கும். செயன்முறைப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டிய கற்கைகளில், அந்தத் திகதியைத் தவறவிட்டால் நல்ல பெறுபேறு இருந்தும் பயனில்லை.

பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்கள் தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற அரச நிறுவனங்களில் கிரஃபிக் வடிவமைப்புக் கற்று, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். உயிரியல் பிரிவு மாணவிகளும் இதைக் கவனிக்க வேண்டும். ஓர் இதயத்தின் குறுக்குவெட்டைப் பிழையின்றி வரைய, சித்திரமும் உயிரியலும் இரண்டும் தெரிந்தவரால்தான் முடியும்.

பெற்றோரின் கவனத்திற்கு

இத்துறையில் முதல் சில ஆண்டுகள் வருமானம் ஒழுங்காக இருக்காது. இதை ராத்தா மறைக்கவில்லை. அவர் முதல் நான்கு ஆண்டுகள் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே இரவில் வரைந்தார். இன்று செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் படம் தருகின்றது. இதனால் சில சிறு வேலைகள் அவருக்கு ஏற்கனவே குறைந்துவிட்டன. ஆயினும் நமது ஊர் வீட்டின் திண்ணையையும், நோன்புக் கஞ்சிக் கோப்பையையும், மழையில் நனைந்த வாடியையும் சரியாகக் காட்ட, அவற்றோடு வாழ்ந்த ஒருவரைத் தேடி இன்னும் வருகிறார்கள் என்றார்.

மறுபுறம், இது வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில். திருமணத்தின் பின்னும், பிள்ளைகளை வளர்க்கும் காலத்திலும் தொடரலாம். எனவே மகள் வரைகின்றாள் என்றால் "போதும்" என்று சொல்வதற்கு முன், ஓராண்டு அவகாசம் கொடுங்கள். பாடங்களைக் கைவிடாமல், பன்னிரண்டு படங்கள் கொண்ட ஒரு தொகுப்பை அவள் முடிக்கிறாளா என்று பாருங்கள். முடித்தால், ஒரு வேலையைத் திகதிக்கு முடிக்கும் பழக்கம் அவளிடம் இருக்கின்றது. அது எந்தத் தொழிலுக்கும் வேண்டியதே.

சகோதரிகளே, இந்தச் சஞ்சிகையிலேயே தோழியர் எழுதிய சிறுகதைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்து மூன்று முறை வாசியுங்கள். ஆறு சிறு வரைவுகள் போடுங்கள். ஒன்றை முழுமையாக வரைந்து எழுதியவரிடம் காட்டுங்கள். அவர் "நான் நினைத்தது இதுதான்" என்று சொன்னால், அதை அடுத்த இதழுக்குக் கொடுங்கள். கீழே உங்கள் பெயரை எழுத மறக்க வேண்டாம்.

நமது கைகளுக்கு அல்லாஹ் தந்த ஆற்றலைப் பயனுள்ள வழியில் செலவிட அவனே அருள் புரிவானாக.

உயர்தர மாணவி,
கலைப் பிரிவு.